பூச்சிக்குக் கால் இருந்துச்சா?

நீளமான இழை இது. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். மருந்து மாத்திரை பற்றி இல்லை, தமிழ் இலக்கணம் பற்றி. ஓடிடாதீங்க, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

பத்தாம் வகுப்புப் பையனோட அப்பா ஒருத்தர் போன வாரம் கேட்டார். "உவமை, உருவகம், இடக்கரடக்கல்னு ராத்திரி முழுக்க உருப்போடுதான் சார். டாக்டருக்குப் படிக்கணும்னு நிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? கவிதை எழுதப் போறவன் படிச்சாப் போதாதா?" வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அவருக்கு அன்றைக்குச் சுருக்கமாகத்தான் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: அணி இலக்கணம் கவிஞனுக்குத் தேவையோ இல்லையோ, நோயாளிக்கும் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கும் கட்டாயம் தேவை. நாம் எல்லாரும் உடம்பைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே அணிதான் வருகிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பரீட்சையில் போவது ரெண்டு மார்க்கு. ஆஸ்பத்திரியில் போவது வேறு.

நான் இருப்பது பண்பொழி. தெரியாதவர்களுக்கு: தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டைக்குப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். திருமலைக்கோயில் முருகன் இருக்கிற ஊர். பைம்பொழில்தான் மருவிப் பண்பொழி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். இலக்கணத்தில் இதற்கு மரூஉ என்று பேர். ஆக, ஊர் பேரிலேயே இலக்கணம் இருக்கிறது, பையனோட அப்பாவிடம் அதையாவது சொல்லியிருக்கலாம்!

சுற்றிலும் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அதற்கு மேலே காடு. அதனால் பாம்பு உண்டு. ஆனால் பாம்பு கடித்து வருகிறவர்கள் பாதிப் பேர் வாயில் "பாம்பு" என்ற சொல்லே வராது. "பூச்சி கடிச்சிட்டு டாக்டரய்யா" என்பார்கள். இருட்டிய பிறகு அந்தப் பேரைச் சொன்னால் அது வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. பகலில்கூடச் சிலருக்கு நாக்கு வராது.

புதிதாக வேலைக்கு வந்த, வெளியூரில் வளர்ந்த ஒரு டாக்டர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? தேள், பூரான், குளவி. வலி ஊசி, அலர்ஜி ஊசி, "வீட்டுக்குப் போங்க". சாதாரணப் பூச்சிக்கு அது சரியான வைத்தியம்தான்.

இப்போது கட்டுவிரியன் கடியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ராத்திரி, தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்களைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. பல் பட்ட தடம் சில நேரம் தெரியவே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தானாக மூடும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் தசைகள் நிற்கும். "ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சாப்ல இருந்துச்சு" என்ற ஒரு வரிதான் டாக்டருக்குக் கிடைக்கிற ஒரே துப்பு. அந்த வரியை நேர்ப்பொருளில் எடுத்தால் முடிந்தது கதை.

(ஒரு சின்னக் கிளைச் செய்தி: கட்டுவிரியன் பேரில் விரியன் இருக்கிறதே தவிர அது விரியன் இனமே இல்லை. நல்ல பாம்பின் உறவு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தை உறைய விடாமல் கெடுக்கும், இது நரம்பைக் கட்டும். பேரை நம்பி விஷத்தை முடிவு பண்ணாதீங்க.)

எங்கள் பக்கத்தில் அனுபவமுள்ள நர்ஸம்மாக்கள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் நம்பிக்கையை உடைக்காமல், அவர் சொல்லிலேயே நின்று, "பூச்சிக்குக் கால் இருந்துச்சா, இல்லையா?" என்று கேட்பார்கள். "கால் இல்லம்மா" என்று பதில் வந்தால், அடுத்த நிமிஷமே சிரிஞ்சில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷத்தில் உறைகிறதா என்று பார்க்க வைத்துவிடுவார்கள். கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காகத்தான் உறையும். அதனால் கண் இமையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு சொல் கேள்விதான். இலக்கணம் தெரிந்த கேள்வி.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். மருந்து இல்லாமல் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில் இலவசம். நேரம்தான் பிரச்சினை. நேரத்தைத் தின்பதில் மந்திரிப்பது, கீறுவது, கட்டுவது எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பூச்சி என்ற அந்த ஒரு சொல்லுக்கும் பங்கு உண்டு.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். சுமார் 800 வருஷத்துக்கு முன்னால் பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தேன்' என்பது போல. அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் 'இயற்கை எய்தினார்' என்பது போல. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிய வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. இந்த மூன்றையும் வைத்தே ஒரு நாள் முழுக்க ஓ.பி. பார்க்கலாம்.

மங்கலத்துக்கு 'பூச்சி' மாதிரியே இன்னொன்று அம்மை. கொப்புளம் என்று சொல்ல மாட்டோம். 'முத்து போட்டிருக்கு', 'அம்மா விளையாடியிருக்கா'. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்துவிட்டது. சொற்கள் இன்னும் ஒழியவில்லை, ஒழியவும் வேண்டாம். வாசலில் வேப்பிலை கட்டி 'அம்மா வந்திருக்கா' என்று சொன்னால் வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். எந்த சுகாதார ஆய்வாளரும் இவ்வளவு மரியாதையாகத் தனிமைப்படுத்த முடியாது. அது வரைக்கும் அந்த அணிக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் அதே சொல், டாக்டரிடம் போவதைத் தெய்வக் குற்றம் ஆக்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போகலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது. முத்து தெரிந்த முதல் நாளிலேயே ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். 'ஆத்தா இறங்கட்டும், அப்புறம் பாப்போம்' என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருந்தால் மாத்திரையால் பெரிய பிரயோஜனம் இல்லை. வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ஆத்தா கோபிக்க மாட்டா.

இடக்கரடக்கல் இதைவிட ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன். மாதவிடாய் நின்று ஆறேழு வருஷம் ஆன ஒரு அம்மாவுக்கு மறுபடி ரத்தம் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவங்க வீட்டில் என்ன சொல்வாங்க? "மறுபடியும் தூரம் வந்துட்டு." மருமகள் கேட்டுவிட்டு, "உங்களுக்கு இன்னும் வயசு இருக்கு அத்தே" என்று சிரிப்பாள். அதோடு போச்சு. மாசா மாசம் வருகிற இயல்பான ரத்தத்துக்கும், கர்ப்பப்பைப் புற்றின் முதல் அறிகுறியாக வரக்கூடிய ரத்தத்துக்கும் நாம் ஒரே சொல்லைப் போர்த்திவிட்டோம். அசிங்கத்தை மறைக்கத்தான் அந்தப் போர்வை. அடியில் ரெண்டு வேறு வேறு பொருள் கிடக்கிறது என்பதையும் சேர்த்து மறைத்துவிட்டது. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது 'தூரம்' இல்லை. அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எல்லாமே புற்று என்று பயப்பட வேண்டாம், பார்த்தால்தான் தெரியும்.

'சூடு பிடிச்சிட்டு', 'வெள்ளை', 'கீழ எரியுது' எல்லாம் இந்தக் கணக்குதான். டாக்டர் ஆணாக இருந்தால் போர்வை இன்னும் தடிமனாகிவிடும். கூச்சத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது லேசில் போகாது. இடக்கரடக்கலில் சொல்லிவிட்டு, "எங்கே, எப்போதிருந்து, எவ்வளவு" என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்.

சரி, உவமைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

தொல்காப்பியர் உவமை எந்த அடிப்படையில் பிறக்கும் என்று நாலு சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், பலன், வடிவம், நிறம். நான் மருத்துவம் படித்தபோது நோயாளியிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு கச்சிதமான பட்டியலைப் பார்த்ததில்லை.

"நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்குய்யா." இது வினை. அழுத்துகிற செயல். இப்படி ஒருத்தர் சொன்னால், அதுவும் வியர்த்துக்கொண்டே, மூடிய கையை நெஞ்சின் நடுவில் வைத்துச் சொன்னால், நான் அடுத்த கேள்வி கேட்கும் முன்பே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிடுவேன். அந்தக் கை வைக்கும் விதத்துக்கே லெவின் அறிகுறி என்று பேர் உண்டு. இங்கிலீஷ் புத்தகத்தில் நெஞ்சில் யானை உட்கார்ந்த மாதிரி என்று எழுதியிருப்பார்கள். எங்க ஆச்சிகளுக்கு அம்மி. யானையின் பாரம் யாருக்குத் தெரியும்? அம்மியின் பாரம் தெரியும்.

"எலுமிச்சம்பழத் தண்டிக்கு ஒரு கட்டி." இது மெய். நெல்லிக்காய் அளவில் இருந்தது எலுமிச்சை அளவு ஆனது எத்தனை மாசத்தில் என்று கேட்டால் ஸ்கேனுக்கு முன்பே பாதி தெரிந்துவிடும்.

"அரிசி கழுவுன தண்ணி மாதிரி வயித்தால போகுது." இது உரு. காலராவுக்கு மருத்துவப் புத்தகத்தில் இதே உவமைதான் இருக்கிறது, அப்படியே. "தார் மாதிரிக் கருப்பாப் போகுது" என்றால் வயிற்றின் மேல்பகுதியில் ரத்தக்கசிவு இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகத்தான் போகும், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயன் எது? "அந்த மஞ்ச மாத்திர போட்டா வெயில்ல வந்து மோர் குடிச்சாப்ல இருக்கு." எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது அதில் வந்துவிடும்.

உவமை சொல்லும்போது, சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். எங்கள் படிப்பில் இந்த விதியை நன்றாகவே மீறுகிறார்கள். அமீபாவால் ஈரலில் வருகிற சீழ் 'ஆன்சோவி சாஸ்' மாதிரி இருக்கும் என்று பல்லைக் கடித்து மனப்பாடம் பண்ணினோம். அந்த சாஸை வகுப்பில் ஒருத்தனும் பார்த்ததில்லை. ஆன்சோவி என்றால் நெத்திலி வகை என்று பிற்பாடு தெரிந்தது. நெத்திலிக் குழம்பு என்று சொல்லியிருந்தால்கூட ஏதோ ஒரு படம் மனசில் வந்திருக்கும்!

உவம உருபு நன்னூலில் பன்னிரண்டு. பேச்சில் அதெல்லாம் இல்லை. 'மாதிரி', 'கணக்கா', 'ஆப்ல', இந்த மூன்றே போதும். இதில் வேடிக்கை, அந்தப் பன்னிரண்டில் ஒன்று 'கடுப்ப'. எங்கள் ஊரில் கடுப்பு என்றால் வலி. உவமையும் வலியும் ஒரே எழுத்துகளில் உட்கார்ந்திருக்கின்றன. தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

இரட்டைக்கிளவியை விட்டுவிட்டுப் போக முடியாது. பிரித்தால் பொருள் தராது, சேர்ந்தே இருக்கும். பிரித்தால் பொருள் தராத ஒன்று எப்படி இவ்வளவு துல்லியமாகப் பொருள் தருகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். 'விண்விண்ணுனு தெறிக்குது' என்றால் நாடித்துடிப்போடு சேர்ந்த வலி. நகச்சுற்று, சீழ்க்கட்டி, ஒற்றைத் தலைவலி. 'சுருக்சுருக்குனு குத்துது' என்றால் நரம்பாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது மட்டும் சுருக்கென்றால் நுரையீரல் உறையாக இருக்கலாம். 'படபடன்னு', 'கிறுகிறுன்னு', 'நமநமன்னு', 'மதமதன்னு'. இந்த நாலுக்கும் நாலு வேறு டாக்டரிடம் அனுப்பலாம்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வலிக்கான சொற்களைத் திரட்டி ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். 78 சொற்கள், 20 தொகுதி. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்து வலியை அளப்பது. உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நம் ஆச்சிகள் யாரும் கேள்வித்தாள் இல்லாமலே அதைச் செய்கிறார்கள். நாம்தான் "வலிக்குதா? சரி" என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

இது வரை சொன்னது நோயாளியின் அணி. டாக்டர்கள் ஊருக்குள் இறக்கிவிட்ட அணிகள் தனி. அதில் ரெண்டு மூன்று இப்போது ஆளையே தின்றுகொண்டிருக்கின்றன.

'எனக்கு சர்க்கரை இருக்கு.' இது ஆகுபெயர். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிற நோய்க்குச் சமையலறை டப்பாவில் இருக்கிற பொருளின் பேர் ஆகி வந்திருக்கிறது. விளைவு? "நான் சர்க்கரையே தொடுறதில்ல சார், நாட்டுச் சர்க்கரைதான்." "கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கேன்." மூணு வேளையும் தட்டு நிறையச் சோறு. பேர் சர்க்கரை என்பதால் சோறு குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை. எங்கள் பக்கம் நெல் விளைகிற பூமி. சோற்றைக் குறை சொன்னால் டாக்டரையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

'கிட்னியில உப்பு கூடிட்டு.' இதுவும் அப்படித்தான். ரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறியிருப்பதைச் சுருக்கமாக 'உப்பு' என்று யாரோ சொல்லி வைத்தார்கள். கேட்டவர் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார். கெடுப்பது அந்த மாத்திரையாக இருக்கலாம். உப்பைக் குறைப்பது நல்லதுதான், ரத்தக் கொதிப்புக்கு. ஆனால் அவர் தன் நோயின் பேரைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டார்.

'அடைப்பை எடுத்தாச்சு' என்பது உருவகம். உவமையில் 'மாதிரி' என்று ஒரு வேலி இருக்கும், அது இது இல்லை என்று ஞாபகப்படுத்தும். உருவகத்தில் வேலி கிடையாது, ரெண்டும் ஒன்றே. ரத்தக்குழாயைக் குழாய் என்று சொல்லி, கொழுப்பை அடைப்பு என்று சொல்லி, ஸ்டென்ட் வைத்ததை 'எடுத்தாச்சு' என்று சொன்னால், கேட்கிறவர் மனசில் என்ன ஓடும்? வீட்டுக் குழாய். பிளம்பர் வந்தார், எடுத்தார், போனார். அதற்கப்புறம் எதுக்கு மாத்திரை? ஆறு மாசத்துக்குள் ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, அந்த ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டி, ரெண்டாவது அட்டாக்கோடு வருகிறார்கள். இதய ரத்தக்குழாய் உயிருள்ள சதை. உள்ளே நடப்பது ஒரு நோய், அது ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் கூடுதலாகும். உருவகம் அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. விலையைத்தான் வேறொருத்தர் கொடுக்கிறார்.

புற்றுநோயைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவே ஒரு உருவகம். மண்ணுக்கடியில் கிளைத்து மேலே எழும்பும் புற்று. கிரேக்கர்கள் அதில் நண்டைப் பார்த்தார்கள், கேன்சர் என்றால் நண்டு. இந்த ரெண்டும் நோயின் வடிவத்தைச் சொல்கிற பேர்கள், பாதகமில்லை. எனக்கு ஆகாதது போர் உருவகம். அமெரிக்காவில் 1971-ல் நிக்சன் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அந்த 'போர்' உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சூசன் சொன்டாக் தானே புற்றுநோயாளியாக இருந்தபின் 1978-ல் இந்தப் பேச்சை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். நம் ஊர் இரங்கல் சுவரொட்டி வரை அது வந்திருக்கிறது: 'புற்றுநோயோடு போராடித் தோற்றார்.' தோற்றாரா? அவர் என்ன ஒழுங்காகச் சண்டை போடவில்லையா? கடைசிக் காலத்தில் வலி குறைத்து நிம்மதியாக இருக்க நினைக்கிற ஒருத்தரை, 'போராடுங்க, விட்டுடாதீங்க' என்று இன்னும் ஒரு கீமோவுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிற குடும்பங்களைப் பார்த்தால் இந்த உருவகத்தின் மேல் கோபம் வருகிறது.

உயர்வு நவிற்சிக்கு உதாரணம் தேட எங்களுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. குற்றாலம் பக்கத்திலேயே இருக்கிறது. மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சி. அதில் குறத்தி தன் மலையைப் பற்றிச் சொல்லும்போது அருவி ஆகாயம் வரை எழும்பி, சூரியனின் குதிரைகளே அந்த ஈரத்தில் சறுக்குகின்றன. படிக்கும்போது யாராவது வானிலை ஆய்வு மையத்துக்குப் போன் போட்டோமா? இல்லை. சாரல் காலத்தில் மெயின் அருவியின் கீழே நின்றவர்களுக்கு அது பொய்யாகவும் தெரியாது. சொல்கிறவளுக்கும் மிகை என்று தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் தெரிந்த ஒப்பந்தம் அது.

அந்தப் பேச்சு எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். காதலில் வாடிக் கிடக்கிற வசந்தவல்லியிடம் குறி சொல்ல வந்திருக்கிறாள் குறத்தி. கை பார்ப்பதற்கு முன்னால் மலைப் பெருமை. ஒரு வகையில் அது தொழில் விளம்பரம்! இன்றைக்கு மூலிகைக் கடை நோட்டீஸிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறதே, 'ஒரே மண்டலத்தில் சர்க்கரை ஓடிப்போகும்', 'எந்தப் புற்றும் கரையும்', அதே அணிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. கேட்கிறவருக்கு அது மிகை என்று தெரியாது. ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. அதற்கு இலக்கணத்தில் பேர் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. சர்க்கரை, புற்று போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் வருஷத்து மத்திய சட்டம் அமலில் இருக்கிறது. நோட்டீஸும் அமலில் இருக்கிறது.

அந்த நோட்டீஸ்களின் இன்னொரு ஆயுதம் பதிலை எதிர்பார்க்காத கேள்வி. 'நம் முன்னோர்கள் என்ன முட்டாள்களா?' இதைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறோம், ஆமாம் என்று யார் சொல்வது? நான் சொல்லித்தரும் வித்தை, பதில் எதிர்பார்க்காத கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்ப்பது. முட்டாள்கள் இல்லை. ரொம்பப் புத்திசாலிகள். சுதந்திரம் வாங்கிய காலத்தில் அவர்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது, இன்றைக்கு நமக்குச் சுமார் 70. அவர்களிடம் தடுப்பூசி இருந்திருந்தால் நம்மைவிட முன்னால் வரிசையில் நின்றிருப்பார்கள்.

அதே குறவஞ்சியில் சிங்கன் வருகிற இடம் எனக்கு இன்னும் பிடிக்கும். ரொம்ப நாள் கழித்துச் சிங்கியைப் பார்க்கிறான். அவள் காலில் ஏதோ சுற்றிக் கிடக்கிறது. விரியன் பாம்போ என்று கேட்கிறான். சேலத்துப் பக்கம் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள். ஒத்த வடிவத்தைப் பார்த்து ஒன்றை இன்னொன்றாக நினைப்பதை மயக்கம் என்பார்கள் இலக்கணக்காரர்கள். சிங்கன் மயங்கினான், ஆனால் கேட்டான். நெஞ்சு எரிச்சலும் மாரடைப்பும் சில நேரம் ஒன்றுபோலவே இருக்கும். "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிறவர் சிங்கனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். திருமலைக்கோயில் படி ஐநூறுக்கு மேல். போன தைப்பூசத்துக்கு ஒரே மூச்சில் ஏறினவருக்கு இந்த வருஷம் நாலு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, உட்கார்ந்தால் 'கேஸ்' போய்விடுகிறது என்றால், அது கேஸ் இல்லை. உட்கார்ந்தால் போகிற கேஸை நான் பார்த்ததில்லை. இப்போது மலைக்கு வண்டிப் பாதை வந்துவிட்டதால் இந்தப் பரிசோதனையும் குறைந்துபோச்சு.

மிச்சம் இருப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று பாடத்தில் படித்தோம். டாக்டர்களிடம் வாருங்கள். காசநோயை 'கோச்ஸ்' என்போம், 1882-ல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோச் பேரில். தொழுநோயை 'ஹேன்சன்ஸ்' என்போம். நோயாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் ஆரம்பித்தது, ஆக மங்கலமும் குழூஉக்குறியும் சேர்ந்த கலவை அது. ஆனால் ஆறு மாசம் காசநோய் மருந்து சாப்பிட வேண்டியவர், "எனக்கு டி.பி. எல்லாம் இல்ல, கோச்சஸ்தான்" என்று ரெண்டாவது மாசம் நிறுத்தினால் அந்த நாகரிகம் யாருக்கு உதவியது? உங்கள் டாக்டர் உங்கள் முன்னால் புரியாத சொல் பேசினால், "தமிழ்ல சொல்லுங்க சார்" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கோபப்படுகிறவரிடம் மறுபடி போக வேண்டாம்.

தமிழாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். 'இப்பாடலில் பயின்றுவந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக' என்ற கேள்வி இருக்கட்டும். கூடவே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். வீட்டில் தாத்தா, ஆச்சி, அம்மா உடம்பு சரியில்லாதபோது என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள், மாற்றாமல், இலக்கணத் தமிழாக்காமல். அதில் உவமை எது, ஆகுபெயர் எது, எதை மறைத்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்று வகுப்பில் பேசட்டும். எங்கள் பக்கம் 'மேலுக்கு முடியல' என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மேல் என்றால் உடம்பு. சென்னையிலிருந்து வருகிற பயிற்சி டாக்டர் மாடியைப் பார்க்கிறார்!

மருத்துவ மாணவர்களுக்கும் ஒன்று. நோயாளியின் முதல் புகாரை அவருடைய சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். நடைமுறையில் ஆச்சி அம்மிக்கல் என்கிறாள், சீட்டில் 'செஸ்ட் பெயின், இரண்டு மணி நேரம்' என்று விழுகிறது. அடுத்த ஷிப்டில் வருகிற டாக்டர் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார், ஆச்சியின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். தமிழிலேயே எழுதுங்கள். 'அம்மிக்கல் வைத்தாற்போல்.' மூணு வினாடி கூடுதலாகும்.